ரோஸ்ட் என்று போட்டிருக்கும், ரோஸ்ட் பண்ணிவிடாதீர்கள்: ஒரு நார்வே கருவாட்டு விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாக்கெட்டின் மேல் கொட்டை எழுத்தில் இருப்பது சமையல் குறிப்பு இல்லை. ஊர்ப் பெயர். அது தெரியாமல் அரை மீனை நாங்கள் பாழாக்கினோம்.

கப்பலில் வேலை பார்க்கும் அத்தான் இந்த முறை லீவுக்கு வந்தபோது, வழக்கமான சாக்லேட், சென்ட் பாட்டிலோடு, பழைய துண்டுகளில் சுற்றி ஒரு முழு மீனையும் கொண்டுவந்தார். நார்வேயில் பூடோ என்ற துறைமுகத்தில் வாங்கினாராம். தலை கிடையாது. என் கை நீளம் இருக்கும், வைக்கோல் நிறம், மேசையில் தட்டினால் டொக் டொக் என்று கதவைத் தட்டுகிற சத்தம். நாங்கள் இருப்பது நீரோடிப் பக்கம், கொஞ்ச தூரம் நடந்தால் பொழியூர், அதாவது கேரளா. வாளை, சாளை, நெத்தோலி என்று பிறந்தது முதல் கருவாட்டு வாசத்தில் வளர்ந்தவர்கள், எங்களுக்கு ஒரு வெள்ளைக்காரன் கருவாடு என்ன புதுசு காட்டிவிடும் என்ற மிதப்பு எல்லோருக்குமே இருந்தது.

அம்மா பாக்கெட்டை எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, "இது ரோஸ்ட்டுக்குள்ள மீனாக்கும்" என்று சொல்லிவிட்டாள். எல்லைப் பக்கத்தில் முட்டை ரோஸ்ட், பீஃப் ரோஸ்ட், கோழி ரோஸ்ட் என்று எல்லாமே ரோஸ்ட்தான், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வெட்டுக்கத்தியை ஓங்கிப் போட்டால் கத்திதான் துள்ளியது. கடைசியில் தச்சு வேலைக்கு வைத்திருந்த ரம்பத்தை எடுத்து அறுத்தோம், தரையில் மரத்தூள் மாதிரி மீன்தூள் விழுந்தது. சின்ன உள்ளி, கறிவேப்பிலை, தேங்காய்க்கொத்து எல்லாம் போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் புரட்டினோம். மசாலா பிரமாதம். மீன் செருப்புத் தோல். அடுத்த வீட்டு சேச்சி ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துவிட்டு, இதற்குக் கொடம்புளி போட்டாலும் பிரயோஜனமில்லை, வார்னிஷ் அடித்தால் நாற்காலிக் காலுக்கு ஆகும் என்றார்.

ராத்திரி அத்தான் வந்து தலையில் அடித்துக்கொண்டார். பாக்கெட்டில் இருந்த பெயரின் இரண்டாவது எழுத்து ஓ இல்லையாம், குறுக்கே ஒரு கோடு போட்டிருப்பதை நாங்கள் அச்சுப்பிழை என்று நினைத்துவிட்டோம். ஓ சொல்வதற்கு உதட்டைக் குவித்துக்கொண்டு எ என்று சொன்னால் வருகிற சத்தம் அது. நமக்கு ரெஸ்ட்டுக்கும் ரோஸ்ட்டுக்கும் நடுவில் எங்கேயோ கேட்கும். எழுதுவதற்கு வசதியாக இங்கே ரோஸ்ட் என்றே வைத்துக்கொள்கிறேன்.

நார்வேயின் வடக்கே லோஃபோடன் என்று ஒரு தீவுச் சரம் கடலுக்குள் நீண்டு போகிறது, அதன் கடைசி முனையில் இருக்கும் தீவுக்கூட்டம்தான் ரோஸ்ட். அதுவே தனி முனிசிபாலிட்டி. முனிசிபாலிட்டி என்றதும் குழித்துறை மாதிரி பஸ் ஸ்டாண்டும் சந்தையுமாகக் கற்பனை செய்யாதீர்கள், மொத்த ஜனமே ஏறக்குறைய 500 பேர். எங்கள் கோயில் திருநாளுக்கு ஒரு வேளை சாப்பாட்டுப் பந்தியில் அதைவிட அதிகம் பேர் உட்காருவார்கள். 1928 வரைக்கும் பக்கத்துத் தீவான வாரோயோடு ஒரே நிர்வாகமாக இருந்து, அந்த வருஷம்தான் பிரிந்து தனியானது. தீவுகள் எத்தனை என்றால் வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை, 365 என்று சொல்வது அங்கே வழக்கம். பாறை, திட்டு எல்லாம் சேர்த்துத்தான். ஜனங்கள் இருப்பது பெரும்பாலும் ரோஸ்ட்லாந்தெட் என்ற ஒரு தீவில். அது தட்டையான தீவு, மேடு என்று சொல்லத்தக்க இடமே தென்னைமர உயரத்தைத் தாண்டாது. ஆனால் தென்மேற்கே போனால் ஸ்டூர்ஃபியெல் என்ற மலை கடலிலிருந்து நேராக 259 மீட்டர் எழும்பி நிற்கும். அந்தப் பக்கத்துப் பாறைகள் முழுக்கக் கடல்பறவைகள், முனிசிபாலிட்டியின் சின்னத்திலேயே மூன்று நீர்க்காகங்கள் இருக்கின்றன.

எனக்குப் பிடித்தது பெயர்க்கதை. இன்றைய நார்வே மொழியில் அந்தச் சொல்லுக்குக் குரல் என்று அர்த்தம், ஆனால் ஊர்ப் பெயர் அதிலிருந்து வந்ததில்லை. பழைய நோர்ஸ் மொழியில் ரொஸ்ட் என்றால் கடலில் சுழித்து ஓடும் வேக நீரோட்டம். எங்கள் கடற்கரையில் நீவாடு என்று சொல்வோமே, அது வெறிபிடித்துச் சுழன்றால் எப்படி இருக்கும், அந்த மாதிரி. வாரோய்க்கு வடக்கே மொஸ்கன் சுழல் என்று உலகப் புகழ்பெற்ற ஒன்று இருக்கிறது, ஐரோப்பிய மாலுமிகள் பல நூற்றாண்டாகப் பயந்த இடம். தண்ணீர் ஓடுவதைப் பார்த்து ஊருக்குப் பேர் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பேரிலும் நீர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அடுத்த ஊரான பொழியூர்ப் பேரிலோ பொழி, அதாவது ஆறு கடலில் சேரும் முகம். கடலை நம்பிப் பிழைப்பவன் வேறு எதைப் பார்த்துப் பேர் வைப்பான்?

சரி, மீனுக்கு வருகிறேன். இது காட் என்கிற மீன். வடக்கே பேரன்ட்ஸ் கடலிலிருந்து குளிர்காலத்தில் முட்டை போட லோஃபோடன் பக்கம் கூட்டமாக வரும். பிடித்து, தலையை எடுத்து, இரண்டிரண்டாக வாலைக் கட்டி, மரச்சட்டங்களில் தொங்கவிடுவார்கள், பிப்ரவரியிலிருந்து மே வரைக்கும். உப்பு ஒரு கல் கூடக் கிடையாது. இதை அம்மா நம்பவே இல்லை. உப்பில்லாமல் கருவாடா, புழு வைத்துவிடுமே என்றாள். விஷயம் அங்கேதான் இருக்கிறது. ரோஸ்ட் இருப்பது ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, ஆனால் வெதுவெதுப்பான கடல்நீரோட்டம் ஒன்று அந்தப் பக்கம் போவதால் குளிர்காலத்திலும் சராசரி வெப்பநிலை உறைநிலையை ஒட்டியோ சற்று மேலேயோதான் நிற்கும். ரொம்பக் குளிர்ந்தால் மீன் உறைந்து சதை கெட்டுவிடும், சூடானால் ஈ மொய்க்கும். இரண்டும் இல்லாமல் கடல்காற்று மட்டும் மூன்று மாதம் அடித்தால் இந்தக் கட்டை கிடைக்கிறது. மாசிக் கருவாடும் கட்டைதான், ஆனால் அதை அவித்துப் புகைபோட்டுக் காயவைக்க வேண்டும், இங்கே காற்றே எல்லாம் செய்துவிடுகிறது.

இதை இத்தாலிக்காரர்களிடம் கொண்டுசேர்த்ததாகச் சொல்லப்படுவது ஒரு கப்பல் விபத்து. 1431இல் கிரீட் தீவிலிருந்து ஒயின் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு இன்றைய பெல்ஜியம் பக்கமுள்ள ஃபிளாண்டர்ஸுக்குப் போகக் கிளம்பிய வெனிஸ் வியாபாரி பியேத்ரோ குவெரினியின் கப்பல், புயலில் சுக்கான் போய், வடக்கே வடக்கே அடித்துக்கொண்டு போயிருக்கிறது. கப்பலைக் கைவிட்டு இரண்டு படகில் ஏறினார்கள், ஒரு படகு என்ன ஆனதென்றே தெரியாது, இன்னொன்று 1432 ஜனவரியில் ரோஸ்ட்டில் ஆளில்லாத ஒரு தீவில் ஒதுங்கியது. கடைசியில் பிழைத்தது 11 பேர். ரோஸ்ட் மீனவர்கள் அவர்களைக் கண்டுபிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போய் மே மாதம் வரை சோறு போட்டிருக்கிறார்கள், சோறு என்றால் மீன்தான். குவெரினி ஊர் திரும்பி எழுதிவைத்ததில், இந்த மீன் மரம்போல் ஆகிவிடும், கோடாரியின் பின்பக்கத்தால் அடித்து நார்நாராக்கி வெண்ணெயும் மசாலாவும் போட்டுச் சாப்பிடுவார்கள் என்று இருக்கிறது. நாங்கள் இதை ஒரு வாரம் முன்பே படித்திருந்தால் ரம்பம் எடுத்திருக்க மாட்டோம். இத்தாலிக்காரர்கள் இன்றைக்கும் இதற்கு அடிமை. வெனிஸுக்குப் பக்கத்தில் சாண்ட்ரிகோ என்ற ஊர் இந்த மீனுக்குத் திருவிழாவே எடுக்கிறது, ரோஸ்ட்டோடு நட்பூர் உறவும் வைத்திருக்கிறது.

இரண்டாம் பாதியை ஒழுங்காகச் செய்தோம். முதலில் அம்மிக் குழவியால் நன்றாக அடி. அப்புறம் ஆறு நாள் தண்ணீரில் ஊறல், தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். நம்ம ஊர் வெயிலுக்கு வெளியே வைத்தால் அவ்வளவுதான், ஃப்ரிட்ஜ் கட்டாயம். இங்கேதான் என் பெரிய புகார். மூடி போட்ட பாத்திரத்தில் வைத்தும், மூன்றாம் நாள் பாலுக்கும் மாவுக்கும் அந்த வாசம் ஏறிவிட்டது, நெத்தோலிக் கருவாட்டுக்கே முகம் சுளிக்காத அம்மா ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் அத்தானைத் திட்டினாள். இத்தனைக்கும் பாக்கெட்டில் ஊறவைக்கும் முறை நார்வே மொழியில் மட்டும்தான் இருந்தது, விற்பவர்கள் இரண்டு படமாவது போட்டிருக்கலாம்.

ஆனால் ஊறியபிறகு பார்க்க வேண்டும். பழைய பருமனுக்கு உப்பிவிட்டது, வெள்ளை வெளேரென்று, இதழ் இதழாகப் பிரிந்தது. தேங்காய் அரைத்த குழம்பில் போட்டோம், சுமார்தான், மீனுக்கென்று உப்புச் சாரம் இல்லாததால் குழம்பில் கருவாட்டு ருசி இறங்கவில்லை. மிச்சத்தைக் குவெரினி வழியில் நார்நாராக உதிர்த்து, வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெயில் மிளகும் பூண்டும் போட்டுப் புரட்டி, மயக்கிய மரச்சீனிக்கிழங்கோடு வைத்தோம். அதற்குப் பேச்சே இல்லை. சேச்சி இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டார், நாற்காலிக் கால் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். பொறுமையும், தனி ஃப்ரிட்ஜும், வெளிநாட்டிலிருந்து சும்மா கொண்டுவந்து தர ஒரு அத்தானும் இருப்பவர்களுக்கு நான்கு. அவசரத்துக்கு ஒரு கருவாட்டுக் குழம்பு வேண்டுமென்றால் தேங்காய்ப்பட்டணம் வாளையே போதும். அடுத்த லீவுக்கு மீனின் தலையைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம், தலைக்கறிக்கு. காய்ந்த தலையெல்லாம் பெரும்பாலும் நைஜீரியாவுக்குப் போய்விடுமாம், இருந்தாலும் தேடிப் பார்க்கிறேன் என்றிருக்கிறார்.