வியன்னாவில் ஆறு வாரம்: கிறிஸ்துமஸ் முதல் மூன்று ராஜாக்கள் திருநாள் வரை

2024 நவம்பர் கடைசியில் வியன்னா போய், 2025 ஜனவரி 7 வரை வாடகை வீட்டில் குடும்பத்தோடு இருந்தோம். நாலு நாள் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் பார்க்கும் ஊரும் நாங்கள் வாழ்ந்த ஊரும் ஒன்றல்ல.

முதலில் நடைமுறை. தனி வீட்டில் தங்கினால் மூன்று நாளுக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். மாதப் பயணச்சீட்டு அப்போது 51 யூரோ. மெட்ரோ, டிராம், பஸ் எல்லாவற்றுக்கும் அதுவே போதும். டிசம்பரில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். வெளி வேலைகளைக் காலையிலேயே முடிப்பது நல்லது.

சிட்டி ஹால் எதிரே நடக்கும் பெரிய கிறிஸ்துமஸ் சந்தைக்கு ஒரு தடவை போனால் போதும் என்பது என் கருத்து. அங்கே பஞ்ச் என்ற சூடான பானம் வாங்கினால் கோப்பைக்கும் முன்பணம் வாங்குவார்கள். திருப்பிக் கொடுத்தால் பணம் வரும், பிடித்திருந்தால் கோப்பையை வைத்துக்கொள்ளலாம்.

நாங்கள் திண்டாடியது கடை நேரத்தில்தான். டிசம்பர் 24 மதியம் இரண்டு மணிக்கு மளிகைக் கடைகளை அடைத்துவிடுகிறார்கள். 25, 26 இரண்டும் விடுமுறை. நான் போனது இரண்டேகாலுக்கு. வீட்டில் அரை ரொட்டி, மூன்று வெங்காயம், கொஞ்சம் அரிசி, ஊரிலிருந்து கொண்டுபோன ரசப்பொடி. இரண்டு நாளும் ரசம் சாதம்தான். ஞாயிற்றுக்கிழமையும் கடைகள் அடைத்தே இருக்கும். பிராட்டர்ஸ்டெர்ன் போன்ற ரயில் நிலையங்களுக்குள் சில கடைகள் திறந்திருக்கும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

24ஆம் தேதி மாலை தெருவில் ஆளே இல்லை. பிள்ளைகளுக்குப் பரிசு வருவது அன்று மாலைதான். கொண்டுவருவது குழந்தை இயேசு என்பது அங்குள்ள வழக்கம். ஒவ்வொரு ஜன்னலுக்குள்ளும் மரம், விளக்கு. அங்கே கிறிஸ்துமஸ் வீட்டுக்குள் நடக்கும் பண்டிகை. வெளியூர்க்காரருக்கு அன்று தெருவில் ஒன்றுமில்லை. இரவுப் பூசைக்கு யாரும் போகலாம், நாங்களும் போனோம். அந்த ஒரு மணி நேரம் ஊரோடு சேர்ந்திருந்த மாதிரி இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது 27க்குப் பிறகு வந்த நாட்கள். தெருவோரக் கடைகளில் புத்தாண்டு அதிர்ஷ்டத்துக்காகக் குட்டிப் பன்றி பொம்மைகள் குவிந்தன. மாடிவீட்டுப் பாட்டி எங்களுக்கும் மார்சிபான் என்ற பாதாம் இனிப்பில் செய்த ஒரு பன்றி கொடுத்தார். 31 நள்ளிரவில் ஸ்டீபன் பேராலயத்தின் பும்மரின் மணி அடிக்கிறது. இருபது டன்னுக்கு மேல் எடை. ஒலி நெஞ்சில் வந்து இடிக்கிறது. அது முடிந்ததும் வால்ட்ஸ் இசை. முன்பின் தெரியாதவர்களும் கோட்டும் கையுறையுமாக நடுத்தெருவில் ஆடுகிறார்கள். என் மனைவியும் நானும் ஆடினோம்.

குழந்தை இயேசுவைப் பார்க்க மூன்று ராஜாக்கள் வந்ததை நினைக்கும் திருநாள் ஜனவரி 6. அதையொட்டி ஜனவரி தொடக்கத்தில் கிரீடம் வைத்த நாலு பிள்ளைகள் நட்சத்திரக் கோலோடு கதவைத் தட்டினார்கள். பாடிவிட்டு, உண்டியலில் காசு வாங்கிக்கொண்டு, நிலைப்படிக்கு மேலே சாக்பீஸால் 20*C+M+B*25 என்று எழுதினார்கள். ‘கிறிஸ்து இந்த வீட்டை ஆசீர்வதிப்பாராக’ என்பதற்கான லத்தீன் சொற்களின் முதலெழுத்துகள் அவை. வாடகைக்கு வந்தவர்கள்தானே என்று எங்கள் கதவை அவர்கள் விட்டுவிடவில்லை.

போக முடிந்தவர்கள் ஜனவரி 6 தாண்டி டிக்கெட் போடுங்கள். 7ஆம் தேதி காலை நாங்கள் பெட்டிகளை இறக்கும்போது, எதிர்வீட்டுக்காரர் தன் கிறிஸ்துமஸ் மரத்தை, பழைய மரங்களைச் சேகரிக்கும் இடத்துக்கு இழுத்துப் போய்க்கொண்டிருந்தார். படியெல்லாம் பச்சை ஊசி இலைகள்.