முக்கால் இன்ச்சை வெட்டிவிட்டு ஒரு இன்ச் போட்டேன்: பவளத் தொட்டி பைப் லைன், ஐந்து வருட அனுபவம்

பொள்ளாச்சியில் எங்கள் வீட்டு ஹாலில் நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி ஓடுகிறது. கீழே அலமாரிக்குள் சம்ப், அதாவது மேலிருந்து இறங்கும் தண்ணீர் வந்து சேரும் சிறிய தொட்டி. வைத்து ஐந்து வருடம் முடிந்துவிட்டது. இதற்குள் லைட்டை ஒரு முறை மாற்றினேன், அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரை ஒரு முறை, சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே தள்ளும் ரிட்டர்ன் பம்ப்பை இரண்டு முறை. பைப் லைனை மட்டும் எட்டாவது மாதத்தில் மொத்தமாக வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். அன்று போட்ட லைன்தான் இன்றுவரை ஓடுகிறது. புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் என்னிடம் லைட்டைப் பற்றியும் உப்பைப் பற்றியும்தான் கேட்கிறார்கள். பைப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் தொட்டிக்குள் தண்ணீர் வந்த பிறகு மாற்றுவதற்கு மிகவும் கஷ்டமானது அதுதான்.

உள்ளே இருப்பவை மென்பவளங்கள் மட்டும்: ஜோவாந்தஸ், காளான் பவளம், லெதர். கல் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. யார் கொண்டுவந்து நீட்டினாலும் வாங்காதீர்கள்.

முதல் லைனைப் போட்டது எங்கள் வீட்டுக்குக் குழாய் வேலை செய்த பிளம்பர். கை சுத்தமான வேலைக்காரர். பைப் வெளியே தெரியக்கூடாது என்று நான் சொன்னதால், சுவரை ஒட்டி, அலமாரியின் பின்புறம் சுற்றி, முக்கால் இன்ச் சிபிவிசியில் (வீட்டு வெந்நீர்க் குழாய்க்குப் போடும் பிளாஸ்டிக் பைப்) ஒன்பது எல்போ (வளைவு) வைத்து அழகாகக் கொண்டுபோனார். பம்ப்பின் வாய் ஒரு இன்ச். ரெடியூசர் போட்டு முக்காலுக்கு இறக்கினோம். பம்ப் பெட்டியில் மணிக்கு 3000 லிட்டர் என்று போட்டிருந்தது. ரிட்டர்ன் வாயில் 20 லிட்டர் வாளியைப் பிடித்தேன். நிறைய ஒரு நிமிடம் ஆனது. அதாவது மணிக்கு 1200 லிட்டர்.

அன்று என் அப்பாரு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அலமாரிக் கதவு வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, இத்தனை மொடக்கு வெச்சா தண்ணி எப்படி ஏறும்? நம்ம கெணத்து மோட்டாருக்கு வாய் ரெண்டு இன்ச்சுதான். தோப்புக்குப் போற பைப்ப ரெண்டரைல போட்டமில்ல?" என்றார். தென்னந்தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சியே வயசானவர். மோட்டாருக்கும் பம்ப்புக்கும் பேர்போன கோயமுத்தூர் 40 கிலோமீட்டரில் இருக்கிறது, இந்தப் பக்கம் டெலிவரி பைப்பைப் பற்றித் தெரியாத விவசாயி இல்லை. வீட்டிலேயே ஆள் இருந்தும் பைப் வாங்கும் முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விட்டது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

அவர் சொன்னதைக் கணக்காகப் பார்க்கலாம். முக்கால் இன்ச் சிபிவிசி என்று வாங்கும் பைப்பின் உள்விட்டம் சுமார் 18 மில்லிமீட்டர்தான். அதே முக்கால் இன்ச் யுபிவிசியில் (கெட்டியான சாதாரண பிவிசி) ஷெட்யூல் 40 என்ற தடிமன் வகை என்றால் 21 பக்கம். ஒரு இன்ச் ஷெட்யூல் 40-க்கு 26.6. தண்ணீரின் அளவு மாறாமல் இருந்தால், உள்விட்டம் குறையக் குறைய உராய்வு கிட்டத்தட்ட ஐந்தாம் மடியில் ஏறும். 18-க்கும் 26.6-க்கும் பார்க்கும்போது வித்தியாசம் எட்டரை மில்லிமீட்டர்தான். ஆனால் ஒரே தண்ணீரைத் தள்ள முன்னதில் ஆறு மடங்குக்கு மேல் உராய்வு. அதோடு ஒவ்வொரு எல்போவும் அரை மீட்டருக்கு மேல் நேர் பைப் சேர்த்ததற்குச் சமம். என் பம்ப்பிலிருந்து நாசில் (தொட்டிக்குள் தண்ணீர் வந்து சேரும் வாய்) வரை உயரம் நாலேகால் அடிதான். மீதி பலமெல்லாம் உராய்வில் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாவது லைன் ஒரு இன்ச் யுபிவிசி. எல்போ ஐந்து, அதிலும் இரண்டு 45 டிகிரி. பைப் அலமாரிக்கு வெளியே ஒரு சாண் தெரிகிறது, தெரியட்டும். மேலே போனதும் டீ வைத்து முக்கால் இன்ச்சில் இரண்டு நாசிலாகப் பிரித்தேன். இரண்டு முக்காலும் சேர்ந்தால் ஒரு இன்ச்சைவிட அதிகப் பரப்பு வரும், அதனால் அங்கே நெருக்கடி இல்லை. அதே பம்ப், அதே வாளி: 38 விநாடி. மணிக்குக் கிட்டத்தட்ட 1900 லிட்டர். தொட்டி கொள்ளளவு சுமார் 430 லிட்டர். அந்தக் கணக்கில் நாலரை முறை சுழற்சி தாராளமாகப் போதும். தொட்டிக்குள் வேண்டிய ஓட்டத்தை உள்ளேயே வைத்திருக்கும் வேவ்மேக்கர் என்ற விசிறி பம்ப் பார்த்துக்கொள்கிறது. ரிட்டர்ன் பம்ப்பை வைத்து அலை அடிக்க நினைப்பது வீண் செலவு.

கடையில் பைப் வாங்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்று. நம் பக்கம் விவசாய பைப் கடைகள்தான் அதிகம். அங்கே 32 எம்எம் என்று கேட்டால் கிடைப்பது வெளிவிட்டம் 32 இருக்கும் பைப், நாலு கிலோ, ஆறு கிலோ என்று பிரஷர் சொல்லி விற்பார்கள். ஷெட்யூல் 40 ஒரு இன்ச் பைப்புக்கு வெளிவிட்டம் 33.4. இரண்டையும் கையில் பிடித்துப் பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். நான் எல்போவை ஒரு கடையிலும் பைப்பை இன்னொரு கடையிலும் வாங்கிவந்து சேர்த்துப் பார்த்தேன். எல்போவுக்குள் பைப் கடகடவென்று ஆடியது. சொல்யூஷன் தடவினால் பிடித்துக்கொள்ளும் என்று சொன்னார்கள். பிடிக்காது. எல்லாவற்றையும் ஒரே கடையில், ஒரே வகையில் வாங்குங்கள். சேர்த்த பிறகு ஒரு நாள் காய விடுங்கள்.

பித்தளையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிபிவிசி ஃபிட்டிங்கில் மரை வரும் இடங்களில் பித்தளை பதித்துத்தான் பெரும்பாலும் தருவார்கள். வீட்டுக் குழாய்க்கு அது நல்ல பொருள். கடல்நீருக்கு ஆகாது. பித்தளையில் செம்பு இருக்கிறது, இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் செம்பு விஷம். எட்டாவது மாதம் பழைய லைனைக் கழற்றும்போது பம்ப்புக்கு மேலே இருந்த மரையைப் பார்த்தேன். உள்பக்கம் முழுக்கப் பச்சைக் களிம்பு. விரலால் தடவினால் பொடியாக ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் மூன்று கிளீனர் இறால்கள் செத்திருந்தன. வேறு காரணமும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் களிம்பைப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. பித்தளையை எடுத்த பிறகு தண்ணீரை வடிகட்டும் கார்பனை மாற்றி, பாதித் தண்ணீரை இரண்டு தவணையாக மாற்றிய பின்பு விட்ட இறால்கள் நன்றாக வளர்ந்தன. வால்வு, மரை, யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு) எல்லாம் முழு பிளாஸ்டிக்காக இருக்கட்டும். சம்ப் பக்கம் இரும்பு ஹோஸ் கிளிப்பும் வேண்டாம், உப்புக் காற்றில் துருப்பிடித்துத் தண்ணீரில் விழும்.

இனி கரண்ட் நின்றால் என்ன ஆகும் என்பது. மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். பம்ப் நின்றதும் தொட்டித் தண்ணீர் ரிட்டர்ன் பைப் வழியாகவே சைஃபன் பிடித்து, அதாவது தானாக உறிஞ்சப்பட்டு, திரும்பி இறங்கும், நாசில் வாய் காற்றைத் தொடும்வரை நிற்காது. என் நாசில் முதலில் 7 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தது. என் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் 7.2 லிட்டர். ஆக 50 லிட்டர் கீழே வரும். சம்ப்பில் காலி இடம் 30 லிட்டர். தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் செக் வால்வு இருக்கிறதே என்று நம்பியிருந்தேன். நான்காவது மாதம் அம்மா ஆபீஸுக்குப் போன் செய்தார்: "கண்ணு, உப்புத்தண்ணி ஹால் பூரா வந்துருச்சு, பிளக் பெட்டிகிட்டப் போகுது." செக் வால்வின் நாக்குக்கு அடியில் ஒரு சிறு நத்தை சிக்கியிருந்தது, அவ்வளவுதான். 20 லிட்டர் தரையில். கடல் எட்டாத ஊரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பைக் கலந்து ஆர்ஓ தண்ணீரில் செய்த தண்ணீர் அது. பணத்தைவிட, கரண்ட் வந்திருந்தால் அம்மா காலடியில் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்புதான் பல நாள் தூங்கவிடவில்லை.

செக் வால்வை அன்றே எடுத்துவிட்டேன். நாசிலை 2 சென்டிமீட்டர் ஆழத்துக்கு உயர்த்தினேன். இப்போது நின்றால் 15 லிட்டர் சுமார் இறங்கும், பைப்பிலும், தொட்டித் தண்ணீர் வழிந்து விழும் ஓவர்ஃபுளோ பெட்டியிலும் உள்ளதைச் சேர்த்தாலும் சம்ப் தாங்கும். காற்று புகுந்து சைஃபன் நிற்பதற்காக, நாசிலுக்குச் சற்று மேலே பைப்பில் 5 எம்எம் ஓட்டையும் போட்டிருக்கிறேன், ஆனால் அது பாசி அடைத்துக்கொள்ளும், மாதம் ஒரு முறை குச்சியால் குத்திவிட வேண்டும். அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். நாசில் உயரமும் சம்ப்பின் காலி இடமும்தான் கணக்கு. பிளக் பெட்டி இப்போது சுவரில் இடுப்பு உயரத்தில்.

தொட்டியிலிருந்து சம்ப்புக்குத் தண்ணீர் இறங்கும் பக்கம் ஆரம்பத்தில் ஒரே பைப், திறந்த வாய். பகலில் தெரியாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் பாத்ரூமில் யாரோ தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பது போல் ஒரே சத்தம். இரண்டாவது முறை ஹெர்பி முறைக்கு மாறினேன்: ஒரு இன்ச் பைப் ஒன்று, காற்றே இல்லாமல் முழு சைஃபனாக, கீழே வால்வு வைத்து. பக்கத்தில் ஒண்ணேகால் இன்ச்சில் வால்வே இல்லாத அவசரப் பைப், அதன் வாய் உயரத்தில். சைஃபன் அடைத்தால் தண்ணீர் முழுக்க இரண்டாவதில் இறங்க வேண்டும், அதனால் அது முதலாவதைவிடச் சிறியதாக இருக்கவே கூடாது. மாதம் ஒரு தடவை சைஃபன் வால்வை முழுதாக மூடி, அவசரப் பைப் தாங்குகிறதா என்று நின்று பார்க்கிறேன்.

சத்தம் அன்றே போய்விட்டது. ஆனால் பால் வால்வில் அளவு நிற்கவில்லை, மயிரிழை அசைத்தாலும் ஓவர்ஃபுளோ பெட்டியில் நீர்மட்டம் கூடிக் குறையும். திருகித் திருகிக் கொஞ்சம் கொஞ்சமாக மூடும் பிளாஸ்டிக் கேட் வால்வு நம் கடைகளில் கிடைப்பது அபூர்வம், வெளியூரிலிருந்து வரவழைத்தேன். விலை பால் வால்வைப் போல் பல மடங்கு. கொடுத்த காசுக்கு முழு மதிப்பு என்று நான் சொல்வது இந்த ஒரு சாமானைத்தான். கால் சுற்று திருப்பினால் போதும், வாரக்கணக்கில் அப்படியே நிற்கும். இன்னொன்று, சைஃபன் பைப்பின் கீழ்முனை சம்ப் தண்ணீருக்குள் 15 சென்டிமீட்டர் இறங்கியிருந்தபோது, கரண்ட் வந்து பம்ப் ஓட ஆரம்பித்ததும் உள்ளே மாட்டிய காற்று வெளியேற முடியாமல் சைஃபன் பிடிக்காது, தண்ணீர் அவசரப் பைப்பிலேயே போகும். முனையை வெட்டி 2 சென்டிமீட்டர் மட்டும் மூழ்கும்படி செய்தேன். இப்போது இரண்டு நிமிடம் களகளவென்று சத்தம் வரும், அப்புறம் தானாக அடங்கிவிடும்.

மூன்றாவது வருட முடிவில் வாளி நிறைய 47 விநாடி ஆனது. யூனியனைக் கழற்றிப் பார்த்தால் பைப்பின் உட்சுவரில் வெள்ளையாகச் சுண்ணாம்புக் குழல் புழுக்கள், இடையே பஞ்சுப்பாசி. பம்ப்பை சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து, பைப்பைப் பாட்டில் பிரஷ்ஷால் தேய்த்ததும் 40-க்கு வந்தது. முக்கால் இன்ச்சில் இதே அளவு படிந்திருந்தால் பாதி வழி அடைத்திருக்கும். இப்போது பம்ப்பை ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் பைப்பை வருடத்துக்கு ஒரு முறையும் கழுவுகிறேன். யூனியன் ஓரத்தில் உப்புப் பூத்தால் அங்கே கசிவு இருக்கிறது என்று அர்த்தம், துடைத்துவிட்டு ஓரிங்கைப் பாருங்கள்.

பம்ப்புக்கும் பைப்புக்கும் நடுவே ஒரு சாண் சிலிக்கான் ஹோஸ் வைத்ததில் அலமாரி அதிர்வது நின்றது. இன்னும் திருத்தாமல் இருப்பது ஒன்றுதான். அவசரப் பைப்பில் நான் யூனியன் வைக்கவில்லை. சம்ப்பை வெளியே எடுக்க வேண்டுமென்றால் அதை அறுத்துத்தான் ஆக வேண்டும். ஒண்ணேகால் இன்ச் பிளாஸ்டிக் யூனியன் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்த மின்தடை நாளில் பம்ப் எப்படியும் நிற்கும்போது போட்டுவிடலாம் என்று.