நூறு கிராம் பொட்டலத்தில் ஒரு மலை: தாண்டிக்குடி, ஏற்காடு, சிக்கமகளூர், கூர்க், வயநாடு

மதுரையில் வறுத்து அரைத்துத் தரும் காபிக் கடை எதிலாவது நின்று, "இது எந்த மலைக் கொட்டைண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். "பிளாண்டேஷன் ஏ தம்பி, அருமையா இருக்கும்" என்று பதில் வரும். பிளாண்டேஷன் என்பது ஊர்ப் பெயர் கிடையாது. பழத்தோலை உரித்து, ஊறவைத்து, வழுவழுப்பு போகக் கழுவிக் காயவைத்த அராபிகா என்ற காபி வகைக்கு வியாபாரத்தில் அந்தப் பெயர், ஏ என்பது கொட்டையின் பருமன். பீபெரியும் அப்படித்தான். பழத்துக்குள் இரண்டு பருப்பு விளைவதற்குப் பதில் ஒற்றையாக உருண்டு விளைந்தது, எந்த மலையிலும் கிடைக்கும். ஆக முப்பது வருடமாகத் தினம் இரண்டு வேளை காபி குடிக்கும் வீட்டில் பிறந்தும் அது எந்த மண்ணில் விளைந்தது என்று எனக்குத் தெரியாது. மல்லிகை என்றால் மட்டும் மாட்டுத்தாவணியில் கூடையைப் பார்த்தே எந்தப் பக்கத்துப் பூ என்று சொல்கிறோம்.

அதனால் இந்த வருடம் மாசி, பங்குனியில் புதுக்கொட்டை கடைக்கு வந்த கையோடு ஐந்து இடத்துக் காபியை நூறு நூறு கிராமாக வாங்கி மூன்று வாரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்தேன். தாண்டிக்குடி, ஏற்காடு, சிக்கமகளூர், கூர்க், வயநாடு. எல்லாம் சாதாரணப் பொட்டலங்கள். வயநாட்டுக்கு 65 ரூபாய், மற்றவை 85இலிருந்து 110க்குள். எஸ்டேட் பெயர் போட்டு, பறித்த தேதி போட்டு, கால் கிலோ அறுநூறு எழுநூறுக்கு வரும் பைகளை வேண்டுமென்றே ஒதுக்கினேன். அவை மட்டம் என்று சொல்லவில்லை, பிரமாதமாக இருக்கும். ஆனால் அங்கே நாம் ருசிப்பது ஒரு கெட்டிக்கார தோட்டக்காரரின் கைவேலையை. பழத்தை எத்தனை நாள் புளிக்கவைத்தார், எவ்வளவு பொறுக்கி எடுத்தார் என்பதெல்லாம் சேர்ந்து மலையின் ருசியை மூடிவிடும். ஊரின் சராசரி ருசி எப்படி என்று தெரிய வேண்டுமானால் அந்த ஊரில் பத்துத் தோட்டத்துக் கொட்டை கலந்து கிடக்கும் சாதாரணப் பொடிதான் சரி.

சிக்கரி கூடவே கூடாது. காபி சிக்கரி கலவையில் காபி 51 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம், அதாவது 49 வரை சிக்கரி போடலாம், அந்த அளவைப் பொட்டலத்தில் அச்சிட்டிருப்பார்கள், தேடிப் பாருங்கள். பாதி சிக்கரி உள்ள பொடியில் கூர்க்கும் ஏற்காடும் ஒரே மாதிரிதான் இருக்கும். இதில் நான் ஒருமுறை ஏமாந்தேன். நூறு சதவீதம் கூர்க் அராபிகா என்று ஆன்லைனில் வாங்கிய பொடியை ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரின் மேல் தூவினேன். காபி மிதக்கும், சிக்கரி பழுப்புக் கோடு விட்டுக்கொண்டு சில நொடியில் கீழே இறங்கும். அந்த டம்ளரில் கோடு கோடாக இறங்கியது. அந்தப் பொட்டலத்தைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை, கூர்க்குக்கு வேறு வாங்கினேன்.

அப்புறம் தண்ணீர். முதல் வாரம் முழுக்க எங்கள் வீட்டு போர் தண்ணீரில் போட்டேன், ஐந்தும் ஒன்றுபோல் மந்தமாக இருந்தன. உப்புத் தண்ணீரில் இருக்கும் காரத்தன்மை காபியின் புளிப்பை அடித்துவிடுகிறது, மலைக்கு மலை வேறுபடுவதோ முக்கியமாக அந்தப் புளிப்புதான். கேன் தண்ணீருக்கு மாறிய அன்றே ஐந்தும் ஐந்து விதமாகப் பேச ஆரம்பித்தன. மதுரையில் காபி சரியாக வரவில்லை என்று பொடியைக் குறை சொல்கிறவர்கள் முதலில் தண்ணீரை மாற்றிப் பார்க்க வேண்டும். எங்கள் பகுதி போர் தண்ணீரில் நல்ல பொடி வாங்குவது காசைக் கரியாக்குவது என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

போட்ட முறை: சின்ன பித்தளை பில்டர், இருபது கிராம் பொடி, நூற்றைம்பது மில்லி கொதிநீர். அம்மா ஒவ்வொரு டம்ளரின் அடியிலும் சாக்பீஸால் எண் போட்டு, எது எந்த ஊர் என்று சொல்லாமல் நீட்டுவார். டிகாஷனில் கொஞ்சம் வெந்நீர் விட்டு, பாலும் சீனியும் இல்லாமல் முதல் சுற்று. அரை மணி நேரம் கழித்துப் பாலோடு அடுத்த சுற்று. வறுப்பு மட்டும் ஐந்திலும் ஒரே அளவாக அமையவில்லை, ஏற்காட்டுப் பொட்டலம் கொஞ்சம் கூடுதலாகக் கறுத்திருந்தது, அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தாண்டிக்குடியையும் சிக்கமகளூரையும் எதிரெதிரே வைத்துத்தான் அதிக நாள் குடித்தேன், ஏனென்றால் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உண்மையான போட்டி. சிக்கமகளூர்ப் பக்கத்து பாபா புடன் மலையில்தான் இந்தியக் காபியே தொடங்கியது. 17ஆம் நூற்றாண்டில் பாபா புடன் என்ற சூஃபி ஏமனிலிருந்து ஏழு கொட்டைகளை மறைத்துக் கொண்டுவந்து அங்கே ஊன்றினார் என்று சொல்வார்கள். காபி வாரியத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையமும் அதே மாவட்டத்தில் பாளெஹொன்னூரில் இருக்கிறது, 1925இல் தொடங்கியது. இத்தனை வருடப் பழக்கம் டம்ளரில் தெரிகிறது. சிக்கமகளூர்க் காபியில் எதுவும் துருத்திக்கொண்டு நிற்பதில்லை. மெல்லிய புளிப்பு, நடுவில் வறுத்த கடலை மாதிரி ஒரு வாசம், முடிவில் லேசான இனிப்பு, எந்த நாள் போட்டாலும் அதே அளவில் வந்தது. ஏழு தடவை குடித்ததில் ஏழு தடவையும் எண்ணைப் பார்க்காமல் கண்டுபிடித்தேன்.

தாண்டிக்குடி அப்படிச் சீராக இல்லை. முதல் வாய் எலுமிச்சைத் தோலைக் கிள்ளி மோந்தது மாதிரி இருந்தது, அந்தப் புளிப்பு உயர்ந்து போய், ஆறஆற வெல்லப் பாகு வாசத்தில் இறங்கியது. ஐந்தில் அதிகம் ஆசைப்பட்டு மறுபடி ஊற்றிக் குடித்தது இதைத்தான். ஆனால் அதே பொட்டலத்தில் ஒருநாள் ஈரச் சாக்கு வாசம் லேசாக எட்டிப் பார்த்தது. ஏன் என்று அங்கே போய்க் கேட்ட பிறகுதான் விளங்கியது.

வத்தலக்குண்டு தாண்டி, சித்தரேவு, பெரும்பாறை வழியாக ஏறினால் கீழ்ப்பழனி மலை முழுக்க சில்வர் ஓக் மரமும், கல்யாண முருங்கையும், அதில் ஏறிய மிளகுக் கொடியும், இடையில் மலைவாழையும், எல்லாவற்றுக்கும் கீழே காபிச் செடியும்தான். தாண்டிக்குடியிலேயே காபி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. உயரம் ஆயிரம் மீட்டருக்கு மேல், குளிர் அதிகம், பழம் மெதுவாகப் பழுக்கும், கொட்டை இறுகும், புளிப்பும் வாசமும் கூடும். அதெல்லாம் நல்லது. பிரச்சினை மழை. குடகுக்கும் (கூர்க்தான்) சிக்கமகளூருக்கும் தென்மேற்குப் பருவமழைதான் பெரிய மழை, அது ஓய்ந்த பின் நவம்பர், டிசம்பரில் பழம் பறிக்கும்போது களத்தில் நல்ல வெயில் கிடைக்கும். பழனி மலைக்கு வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் பழம் சிவக்கிற நேரத்தில்தான் மழையும் கொட்டும், பறித்ததைக் காயவைக்க முடியாது. ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் சொன்னார்: "காலைல விரிப்போம், பதினோரு மணிக்கு மேகம் ஏறும், தார்ப்பாய இழுத்து மூடுவோம், திரும்ப விரிப்போம். பதினஞ்சு நாள் இதே பொழப்பு தம்பி." உலர்த்தும் கூடாரம் போட வசதியுள்ள பெரிய தோட்டத்துக்கு இது சமாளிக்கக்கூடிய வேலை, அவரைப் போன்றவருக்கு அப்படியில்லை. நான் குடித்த அந்த ஈர வாசம் மண்ணின் குறையல்ல, தார்ப்பாய்க்குள் கழிந்த ஒரு மத்தியானத்தின் வாசம்.

மிளகுக் கொடிக்குப் பக்கத்தில் வளர்வதால் காபியில் மிளகு வாசம் ஏறும், ஆரஞ்சுக்குப் பக்கத்தில் என்றால் ஆரஞ்சு வாசம் என்று பொட்டலங்களில் எழுதுகிறார்களே, அதை நான் நம்பவில்லை. நிழல் மரம் இருப்பதால் பழம் நிதானமாகப் பழுக்கிறது, அது போதும். வேர் வழியாக வாசம் தாவும் என்றால் எல்லா மலைக் காபியும் வாழைப்பழ வாசம் அடிக்க வேண்டும்.

ஏற்காட்டுக்கு நியாயம் செய்ய முடியவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் காபியைக் கொண்டுவந்து வைத்த மலை, கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரம், தாண்டிக்குடியை விடத் தீர்க்கமான புளிப்பை எதிர்பார்த்தேன். வறுப்பு கறுத்துவிட்டதால் கசப்பு முந்திக்கொண்டது. ஆனாலும் கசப்புக்குப் பின்னால் ஒரு சுத்தமான, மெலிந்த முடிவு, வாயில் எதுவும் ஒட்டாமல் போகிறது. சேலத்து மச்சானிடம் அடுத்த முறை லேசான வறுப்பில் வாங்கி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

கூர்க் வேறு ஜாதி. கூர்க் என்று எழுதியிருந்தாலே அராபிகா என்று எண்ண வேண்டாம், குடகில் ரொபஸ்டா என்ற இன்னொரு வகையும் ஏராளம். தண்டு துளைக்கும் வண்டு அராபிகாவைத் தின்று தீர்ப்பதால் ரொபஸ்டாவுக்கு மாறிய தோட்டங்கள் பல, இன்று இந்தியா முழுக்க விளைவதிலும் பத்தில் ஏழு பங்கு ரொபஸ்டாதான். நான் வாங்கியது அராபிகா என்று தெளிவாகப் போட்டிருந்த பொட்டலம். சிக்கமகளூரை விடக் கனம், புளிப்பு குறைவு, கோகோ மாதிரி அடர்த்தி. பால் இல்லாமல் குடிக்கையில் எனக்குக் கொஞ்சம் சலிப்பாக இருந்தது. அம்மாவோ இரண்டாம் சுற்றில் பால் ஊற்றியதும், "இதுதான்டா காபி, மத்ததெல்லாம் பாலுக்குள்ள ஓடி ஒளிஞ்சிருது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவர் சொன்னது சரி. தாண்டிக்குடியின் எலுமிச்சை வாசம் பாலில் விழுந்ததும் லேசாகத் திரிந்த பாலை நினைவூட்டியது, அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

வயநாடு மட்டும் ரொபஸ்டா, அதனால் மற்ற நான்கோடு நேருக்கு நேர் வைப்பதே முறையில்லை, ஆனாலும் அதைக் குடிக்காமல் நம்மூர் ஓட்டல் காபி புரியாது. மலை தாழ்வு, எழுநூறு எண்ணூறு மீட்டர், வெப்பம் கூடுதல். அராபிகாவைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கஃபீன், பட்டையான கசப்பு, கெட்டியான நுரை. தனியாகக் குடிக்க எனக்கு ஒத்துவரவில்லை. கூர்க் முக்கால், வயநாடு கால் என்று கலந்து, கறந்த பாலைக் கொதிக்கவைத்து ஊற்றினால் டவுன்ஹால் ரோட்டுக் காபி வீட்டுக்கு வந்துவிடுகிறது. 65 ரூபாய்க்கு அது செய்யும் வேலை பெரிது.

ஆந்திராவின் அரக்கு பள்ளத்தாக்கை விட்டுவிட்டேனே என்று கேட்பீர்கள். சாதாரண விலையில் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது. 2019இல் கூர்க் அராபிகா, சிக்கமகளூர் அராபிகா, பாபா புடன் கிரி அராபிகா, அரக்கு அராபிகா, வயநாடு ரொபஸ்டா என்று ஐந்து காபிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஐந்தில் தமிழ்நாட்டு மலை ஒன்றுகூட இல்லை. அதே வருடம் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குக் கிடைத்தது, பழனிப் பஞ்சாமிர்தத்துக்குக் கிடைத்தது. மலைவாழைக்கு 2008இலேயே வந்துவிட்டது. அதே மலையில் அதே வாழைக்குக் கீழே நிற்கும் காபி மட்டும் பெயரில்லாமல் மூட்டையில் ஏறி, பிளாண்டேஷன் ஏ ஆகி, நமக்கே திரும்பி வருகிறது.

கையில் இருநூறு ரூபாய்தான் இருக்கிறது, மலைக்கு மலை வித்தியாசம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றால் தாண்டிக்குடியும் கூர்க் அராபிகாவும் வாங்குங்கள். இரண்டும் நேரெதிர், நாக்குக்குப் பழக்கமே இல்லாதவருக்கும் முதல் வாயிலேயே பிடிபடும். தாண்டிக்குடி, சிக்கமகளூர் வித்தியாசம் அதற்கு அடுத்த பாடம், ஒரு வாரமாவது ஆகும். பாலில்லாமல் குடிப்பவருக்குத் தாண்டிக்குடி, பால் காபிக்குக் கூர்க், தினமும் ஒரே ருசி வேண்டும், ஏமாற்றமே கூடாது என்பவருக்குச் சிக்கமகளூர்.

நான் வழக்கமாக வாங்கும் கடையில் போன வாரம் மறுபடி கேட்டேன். அண்ணன் மூட்டையைப் புரட்டித் தைத்திருந்த துண்டுச் சீட்டைப் படித்து, "அட, இது நம்ம பெரும்பாறைக் கொட்டை தம்பி" என்றார். கால் கிலோ நடுத்தர வறுப்பில் அரைத்து, பையின் மேல் பேனாவால் பெரும்பாறை என்று எழுதிக் கொடுத்தார். பின்னால் நின்றிருந்த அம்மா ஒருவர், "எனக்கும் அதுலயே நூறு போடுங்க" என்றார்.