பிளான் படிக்கக் கற்க: ஆட்டோகேட் வகுப்பா, சைட்டா?

கான்கிரீட் போட அடியில் கட்டும் சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடும் தொழிலில் இருந்தவன் நான். எத்தனை சதுர அடி, எத்தனை ஷீட், எத்தனை முட்டு என்பதோடு என் கணக்கு முடிந்துவிடும். சின்னச் சின்ன வீட்டுக் காண்ட்ராக்ட் எடுக்கத் தொடங்கியதும் டிராயிங் படிக்காமல் பிழைப்பு ஓடாது என்றாகிவிட்டது. முன்னால் நான்கு வழி இருந்தது: ஐ.டி.ஐ., யூடியூப், ஆட்டோகேட் (கணினியில் டிராயிங் வரையும் மென்பொருள்) வகுப்பு, நேராக சைட். நான் சைட்டைப் பிடித்தேன். கூட்டாளியான என் மச்சான் வகுப்பில் சேர்ந்தான். இந்த அலசல் என் பக்கம் சாய்ந்துதான் இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் சிவில் (கட்டட வரைவாளர்) இரண்டு வருடப் படிப்பு, பத்தாவது பாஸ் போதும். வேலைக்குப் போக நினைப்பவருக்குச் சான்றிதழ் வேண்டும், அங்கே சைட் அனுபவத்தைக் காட்டி ஒப்பேற்ற முடியாது. நான் அங்கே படித்ததில்லை. அங்கிருந்து வந்த பையன்களோடு வேலை பார்த்த அளவில் சொன்னால், கோடு, எழுத்து, ஸ்கேல் எல்லாம் கை சுத்தம். ஆனால் தொழிலை நடத்திக்கொண்டே இரண்டு வருடம் யாரால் போய் உட்கார முடியும்?

யூடியூப், குறியீடுகளைத் தெரிந்துகொள்ள நல்லது. டி என்றால் கதவு, டபிள்யூ என்றால் ஜன்னல், வி என்றால் வெண்டிலேட்டர். விட்டுவிட்டுப் போகும் கோடு பெரும்பாலும் தலைக்கு மேலே வரும் பரண், சன்ஷேட். இதெல்லாம் ஒரு சாயங்கால வேலை. அதற்கு மேல் உங்கள் கையில் இருக்கும் தாளைப் பற்றி அந்த வீடியோவுக்கு ஒன்றும் தெரியாது.

ஆக, போட்டி ஆட்டோகேட் வகுப்புக்கும் சைட்டுக்கும்தான்.

வகுப்பின் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மச்சானுக்கு இன்று எந்த ஃபைல் வந்தாலும் திறக்கத் தெரியும், வேண்டாத லேயரை (டிராயிங்கின் அடுக்கை) அணைத்துவிட்டுப் பார்க்கத் தெரியும், எழுதாமல் விட்ட அளவைக் கணினியிலேயே அளந்து எடுக்கத் தெரியும். இன்ஜினியர் டிராயிங்கை ஃபைலாக அனுப்பும் காலத்தில் இது லேசுப்பட்டதல்ல. ஆனால் வகுப்பில் சொல்லிக் கொடுப்பது வரைய. ஏற்கெனவே யாரோ வரைந்த இரண்டு பெட்ரூம் வீட்டைப் பார்த்து மறுபடி வரைவதுதான் பயிற்சி. செக்ஷனையும் (கட்டடத்தை வெட்டிப் பார்த்ததுபோல் காட்டும் வெட்டுமுகத்தையும்) அப்படியே பார்த்துப் போடுவார்கள். டைப்பிங் பழகியவர் எல்லோருக்கும் பத்திரம் எழுத வராது அல்லவா, அதுபோல வரையத் தெரிந்தவனுக்கு டிராயிங் படிக்கத் தெரியும் என்று சொல்ல முடியாது.

சைட்டின் பலம் எங்கே என்றால், செக்ஷனில். பிளானை யாரும் படித்துவிடுவார்கள். ஹால் எங்கே, கிச்சன் எங்கே என்று வீட்டம்மாவே விரல் வைத்துக் காட்டுவார். தடுமாற்றம் ஆரம்பிப்பது வெட்டுமுகத்தில்தான், அதிலும் கம்பி டிராயிங்கில்.

செக்ஷனில் கம்பி இரண்டு விதமாகத் தெரியும். கோடாக வந்தால் அந்தத் தாளின் போக்கிலேயே ஓடும் கம்பி. புள்ளியாக வந்தால் நம்மை நோக்கி வரும் கம்பி, நாம் பார்ப்பது அதன் வெட்டுமுனையை. இவ்வளவுதான் விஷயம். ஆனால் இது வாயால் சொன்னால் மண்டையில் ஏறாது. பிளானில் ஏ-ஏ என்று வெட்டுக்கோடு எங்கே போகிறதோ, கட்டடத்தில் அதே இடத்தில் போய், அம்புக்குறி காட்டும் பக்கம் முகம் திருப்பி நின்று, தாளையும் எதிரே கட்டியிருக்கும் கம்பியையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும். எனக்கு அப்படித்தான் பிடிபட்டது.

பால்கனியை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே அறையின் ஸ்லாப்பில் மெயின் கம்பி கீழே இருக்கும், ஏனென்றால் நடுவில் பாரம் அமுக்கும்போது இழுபடுவது அடிப்பக்கம். வெளியே ஒரு பக்கப் பிடிப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியிலோ சன்ஷேடிலோ இழுபடுவது மேல்பக்கம். மெயின் கம்பியும் மேலேதான் வர வேண்டும். செக்ஷனில் பார்த்தால் மேலே ஒரு கோடு, அது உள் ஸ்லாப்புக்குள்ளோ பீமுக்குள்ளோ நீளமாகப் போய் அடங்கும். அதற்குக் கீழே வரிசையாகப் புள்ளிகள், அவை மெயின் கம்பிக்குக் குறுக்கே போகும் டிஸ்ட்ரிபியூஷன் கம்பி. மேலே இருக்க வேண்டிய கோடு கீழே போனால் அந்தப் பால்கனி என்றாவது ஒருநாள் மடங்கும்.

ஒருமுறை சென்ட்ரிங் மேல் நின்றுகொண்டு, "மேஸ்திரி அண்ணே, இது மேல்கம்பி தானே, ஏன் கீழே படுத்திருக்கு?" என்று கேட்டேன். "ஆள் மிதிச்சிருப்பான் தம்பி, சேர் போட்டுத் தூக்கிடலாம்" என்றார். சொன்னபடி வளைத்த கம்பித் துண்டுகளை அடியில் வைத்துத் தூக்கிக் கட்டினார். அந்த செக்ஷனில் சேர் வரையப்படவே இல்லை, மூலையில் நோட்ஸில் ஒரே வரியாக இருந்தது. அதுமுதல் எந்தத் தாளை விரித்தாலும் நோட்ஸைத்தான் முதலில் படிக்கிறேன். கான்கிரீட்டின் வலு எம்20-ஆ எம்25-ஆ, கம்பி எந்த கிரேடு, லேப் (கம்பியோடு கம்பி சேர்ந்து போகும் நீளம்) எவ்வளவு, கவர் (கம்பிக்கு வெளியே மூடும் கான்கிரீட்டின் கனம்) எவ்வளவு என்று எல்லாம் அங்கேதான் இருக்கும். பில்லருக்கு 40 மி.மீ., ஃபூட்டிங்குக்கு (பில்லரின் அஸ்திவாரத்துக்கு) 50 மி.மீ. கவர் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சொல்வதும் சைட்டுக்கு அந்த மூலை வழியாகத்தான் வந்து சேரும்.

பீமும் அப்படித்தான். ஒரே பீமுக்கு 1-1, 2-2 என்று இரண்டு செக்ஷன் ஏன் என்று வகுப்பில் யாரும் கேட்பதில்லை. பில்லர் ஓரத்தில் வெட்டினால் மேலே எக்ஸ்ட்ரா கம்பி தெரியும், ரிங் (கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) நெருக்கமாக இருக்கும். நடுவில் வெட்டினால் எக்ஸ்ட்ரா கீழே போயிருக்கும், ரிங் விலகும். கான்கிரீட் விழுந்த பிறகு இதில் ஒன்றையும் சரிபார்க்க முடியாது. கம்பி கட்டி முடித்ததற்கும் மிக்சர் வந்து நிற்பதற்கும் இடையில் கிடைக்கும் அந்த ஒரு நாள், சில சமயம் அரை நாள்தான் நமக்குப் பாட வேளை. சிவப்புப் பென்சிலோடு ஒவ்வொரு கம்பியாக எண்ணித் தாளில் டிக் போட்டுக்கொண்டே போனால், ஒரு தளம் முடிவதற்குள் பீம் ஷெட்யூல் (ஒவ்வொரு பீமின் அளவும் கம்பியும் சொல்லும் அட்டவணை) தண்ணி பட்ட பாடு.

சைட் சொல்லித் தரும் இன்னொன்று அளவு. டிராயிங் மி.மீட்டரில் இருக்கும், மேஸ்திரி அடி அங்குலத்தில் பேசுவார். 230 என்றால் ஒன்பது அங்குலச் சுவர், 115 என்றால் நாலரை, 3050 என்றால் பத்தடி. இது வரை சிக்கல் இல்லை. லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் கட்டை) மட்டம் 2100 என்று போட்டிருப்பதை எல்லோரும் ஏழடி என்றே சொல்வார்கள். ஏழடி என்பது 2134 மி.மீ. ஒரு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம், ஏழடி உயரத்தில் செய்து வந்த கதவு நிலை அங்கே நுழையாது. அதோடு அந்த 2100 எங்கிருந்து? டைல்ஸ் போட்டு முடித்த தரையிலிருந்து என்று டிராயிங் சொல்லும். கொத்தனார் அளப்பதோ டைல்ஸ் போடாத தரையிலிருந்து. கலவை, டைல்ஸ் சேர்ந்து இரண்டு அங்குலம் சுலபமாகப் போய்விடும். கணினித் திரையில் தரை என்பது ஒரு கோடு, அவ்வளவுதான்.

பில்லர் ஷெட்யூலில் 230 × 450 என்று மட்டும் இருக்கும். நீளப்பக்கம் எந்தத் திசை என்பதை பில்லர் லேஅவுட்டைப் பார்த்தால்தான் தெரியும். திருப்பிப் போட்டால் அறைக்குள் ஒன்பது அங்குலம் துருத்திக்கொண்டு நிற்கும், அப்புறம் அந்த மூலையில் பீரோ வைக்க முடியாது.

சைட்டுக்குக் குறை இல்லையா? உண்டு. "நாங்க எப்பவும் இப்படித்தான் போடுவோம்" என்பதே பாடமாகிவிடும் ஆபத்து பெரிது. தாளில்லாத சைட்டில் பழக்கம்தான் ஒட்டும், படிப்பு வராது. அப்ரூவல் வாங்கிய பிளானை வைத்துக்கொண்டு பழகலாம் என்று நினைக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2024-இல் வந்த சுயசான்று முறையில் (விதிப்படி இருப்பதாக விண்ணப்பிப்பவரே உறுதி சொல்லும் முறை) 2500 சதுர அடி மனைக்குள் 3500 சதுர அடி வரை வீட்டு அனுமதி சீக்கிரமே கிடைக்கிறது, ஆனால் அந்தத் தாள் பக்க இடைவெளி, பரப்பளவு காட்டுவதற்கு. கம்பி அதில் இருக்காது. சென்டர் லைன், ஃபூட்டிங், பீம், ஸ்லாப், படிக்கட்டு என்று முழு வொர்க்கிங் டிராயிங் செட் இருக்கிற சைட்டாகத் தேட வேண்டும். இன்னொரு குறை வேகம். ஃபூட்டிங்குக்கும் ரூஃபுக்கும் நடுவில் மாதங்கள் ஓடும். என் அனுபவமும் இரண்டு மாடி வீடுகளோடு நிற்கிறது. இரும்பு டிரஸ், அடுக்குமாடி, ஏசி டக்ட் டிராயிங் என்று வந்தால் என் பேச்சை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மேஸ்திரி சொல்வதும் தாள் சொல்வதும் மோதினால் நான் புரட்டுவது கம்பி விவரங்களுக்கான எஸ்.பி. 34 கையேடு. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1987-இல் வெளியிட்டது. ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் படங்கள். கோடு, புள்ளி பழகிய பிறகு மொழி பெரிய தடையில்லை.

இப்போது மச்சான் என்னோடு சைட்டுக்கு வருகிறான், நான் அவனிடம் ஆட்டோகேட் கற்றுக்கொண்டிருக்கிறேன். வீட்டைப் பார்த்துப் பழகியவனுக்கு அந்த மென்பொருள் வேகமாகவே வருகிறது. நீங்களும் சைட்டில் தொடங்குவதாக இருந்தால் இன்ஜினியரிடம் ஏ1 தாளில் பிரிண்ட் கேளுங்கள். ஏ1-இல் 1:100 ஆக இருப்பதை ஏ3-க்குச் சுருக்கி எடுத்தால் அது 1:200 ஆகிவிடும், ஸ்கேல் வைத்து அளந்தால் பாதி அளவுதான் வரும். வாட்ஸ்அப்பில் வரும் போட்டோவில் 3-க்கும் 8-க்கும் வித்தியாசமே தெரியாது. வாங்கியதும் கீழ் வலது மூலையில் ஆர்0-வா ஆர்1-ஆ (முதல் தாளா, திருத்திய தாளா) என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்1 வந்த பிறகும் கம்பி கட்டுபவர் கையில் பழைய ஆர்0 தாளே இருந்தால், அதை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு அப்புறம் வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.