கவுன்சிலிங் சீட்டும் மேனேஜ்மென்ட் சீட்டும்: கட்டண உதவி எந்தப் பக்கம் கிடைக்கும்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு தனியார் பொறியியல் கல்லூரிகளிலிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். "கம்ப்யூட்டர் சயின்ஸ்ல இன்னும் கொஞ்சம் சீட்தான் இருக்கு, அட்வான்ஸ் கட்டி பிளாக் பண்ணிடுங்க, லோனுக்கு நாங்களே பேங்க்ல பேசிக்கிறோம்" என்பார்கள். வீட்டில் பேச்செல்லாம் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்றே ஓடும். கையில் பணம் போதாத குடும்பம் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. எந்த வழியாகச் சேரப் போகிறோம்?

தமிழ்நாட்டில் ஒரே கல்லூரியில், ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் அரசு ஒதுக்கீட்டில் கவுன்சிலிங் மூலம் வந்தவர், இன்னொருவர் நிர்வாக ஒதுக்கீட்டில் வந்தவர். பாடம் ஒன்று, பட்டம் ஒன்று. ஆனால் உதவித்தொகை, கட்டணச் சலுகை, வட்டி மானியம் என்று வரும்போது முதலாமவருக்குத் திறந்திருக்கும் கதவுகளில் பெரும்பாலானவை இரண்டாமவருக்கு மூடியிருக்கும். சேர்ந்த பிறகு இதை மாற்ற முடியாது. நான்கு வருடமும் அப்படித்தான்.

முதலில் கட்டணத்தையே பார்க்கலாம். கட்டண நிர்ணயக் குழு 2017ல் திருத்திய கணக்கின்படி, தனியார் கல்லூரியில் கவுன்சிலிங் சீட்டுக்கு வருடத்துக்கு 50,000 ரூபாய், அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவாக இருந்தால் 55,000. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, அங்கீகாரம் பெற்ற பிரிவுக்கு 87,000. இந்தக் கணக்கில் நான்கு வருடத்துக்குக் கவுன்சிலிங் சீட்டுக்கு 2 லட்சத்து 20 ஆயிரம், மேனேஜ்மென்ட் சீட்டுக்கு 3 லட்சத்து 48 ஆயிரம். வித்தியாசம் ஒன்றேகால் லட்சத்துக்குச் சற்று அதிகம். இது காகிதக் கணக்குதான். பஸ், ஹாஸ்டல், லேப், பிளேஸ்மென்ட் பயிற்சி என்று வெவ்வேறு பெயரில் மேலே ஏறுவது இரண்டு பக்கமும் உண்டு. மேனேஜ்மென்ட் பக்கம் ரசீதே இல்லாமல் கேட்கப்படும் தொகையும் உண்டு.

அந்த ரசீது இல்லாத தொகையைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். நன்கொடை வசூலிப்பதைத் தடைசெய்ய தமிழ்நாட்டில் 1992லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், கடன் வாங்கிப் படிக்க நினைப்பவருக்கு இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கல்லூரி எழுதிக் கொடுக்கும் கட்டண விவரத்தை வைத்துத்தான் வங்கி கல்விக்கடன் கொடுக்கும், பணத்தையும் நேரே கல்லூரிக் கணக்குக்கே அனுப்பும். ரசீது இல்லாத தொகைக்கு எந்த வங்கியும் கடன் தராது. அதற்கு நகையை அடகு வைக்க வேண்டும், அல்லது வெளியில் மூன்று வட்டிக்கு வாங்க வேண்டும். "லோன் கிடைக்கும்" என்ற ஒரு வார்த்தையை நம்பி இறங்கும் குடும்பங்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

சரி, கவுன்சிலிங் பக்கம் என்னென்ன கிடைக்கும்?

வீட்டில் முதல் பட்டதாரி என்றால் வருடத்துக்கு 25,000 ரூபாய் கல்விக் கட்டணச் சலுகை. மேலே சொன்ன 55,000 இதனால் 30,000 ஆகிவிடும். நான்கு வருடத்தில் ஒரு லட்சம் மிச்சம். தாத்தா பாட்டி, அப்பா அம்மா, அண்ணன் அக்கா யாரும் பட்டதாரி இல்லை என்று உறுதிமொழி கொடுத்து, இ-சேவை மூலம் சான்றிதழ் வாங்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று ஒவ்வொரு மேசையாகப் போய்த் தாசில்தாரிடம் முடியும் வேலை இது. ரிசல்ட் வந்த பிறகு ஆரம்பித்தால் பதற்றம்தான் மிஞ்சும். தேர்வு எழுதி முடித்த வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். வருமானச் சான்றிதழையும் அதே நேரத்தில் போட்டு வைப்பது நல்லது, பின்னால் வங்கியிலும் அதைக் கேட்பார்கள்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கு இது 2021ல் வந்தது. இதில் கிடைக்கும் இடத்துக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. தனியார் கல்லூரியில் கிடைத்தாலும் அப்படித்தான். இவ்வளவு பெரிய உதவி கையில் இருக்கும்போது, யாரோ சொன்னார்கள் என்று மேனேஜ்மென்ட் சீட்டுக்கு அட்வான்ஸ் கட்டுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பிளஸ் டூ வகுப்பிலேயே பெற்றோரைக் கூப்பிட்டு இதைச் சொல்ல வேண்டும்.

பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது. பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பட்டியல் சாதி மாணவர்களுக்கான உதவித்தொகைக்கு 2018ல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதலில், நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு இது கிடையாது என்று எழுதிவிட்டார்கள். அதுவரை இந்த உதவியை நம்பித் தனியார் கல்லூரிக்குப் போன எத்தனையோ முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு அது பேரிடி. இன்றைக்கும் சில ஏஜென்ட்கள் "எஸ்.சி. ஸ்காலர்ஷிப் வந்துடும், கட்டணமே இல்லை" என்று சொல்லி நிர்வாக ஒதுக்கீட்டில் ஆள் சேர்க்கிறார்கள். நம்பாதீர்கள். சேர்க்கைக் கடிதத்தில் அரசு ஒதுக்கீடு என்று இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். இன்னொன்று, பட்டியல் சாதி மாணவருக்கான தொகையில் மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு இப்போது மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது. கணக்கில் ஆதார் இணைக்கப்படாமல் இருந்தால் பணம் வராது. அதற்குள் கல்லூரி அலுவலகத்தில் கட்டணம் கேட்டு நெருக்குவார்கள்.

பெண் பிள்ளைகளுக்கு ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) நடத்தும் பிரகதி உதவித்தொகை வருடத்துக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருக்கலாம், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு சக்ஷம் என்ற பெயரில் அதே அளவு தொகை. நடுத்தரக் குடும்பங்கள் பல, நமக்கெல்லாம் எங்கே கிடைக்கப் போகிறது என்று விண்ணப்பிப்பதே இல்லை. 8 லட்சம் என்ற வரம்பை ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இனி கல்விக்கடன். கவுன்சிலிங் மாணவருக்கும் கடன் தேவைப்படலாம், ஹாஸ்டல் செலவு ஒன்றே போதும் அதற்கு. இங்கேயும் சேர்ந்த வழி குறுக்கே வருகிறது.

மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்த பிஎம் வித்யாலக்ஷ்மி திட்டம், தேசியத் தரவரிசையில் முன்னால் இருக்கும் கல்வி நிறுவனங்களுக்கானது, ஒப்புதல் தந்தபோது அவை 860. பிணையும் வேண்டாம், ஜாமீன்தாரரும் வேண்டாம். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு, படிப்புக் காலத்திலும் அதற்குப் பின் வரும் ஓராண்டு அவகாசத்திலும் 3 சதவீத வட்டித் தள்ளுபடி. வருடத்துக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்குத்தான் இந்தத் தள்ளுபடி. வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து தொழிற்படிப்பு படித்தால், தனியாக இருக்கும் வட்டி மானியத் திட்டத்தில் அந்தக் காலத்து வட்டி முழுவதையும் அரசு கட்டும். கல்லூரிக்கு நாக் அல்லது பாடப்பிரிவுக்கு என்பிஏ என்ற தேசியத் தர மதிப்பீட்டு அமைப்பின் அங்கீகாரம் இருக்க வேண்டும். வித்யாலக்ஷ்மியில் நிர்வாக ஒதுக்கீட்டு மாணவருக்கு இடமில்லை. அவருக்கு வங்கி தன் சொந்தத் திட்டத்தில் கடன் தரலாம். பெரும்பாலும் வீட்டுப் பத்திரத்தையோ வைப்புத்தொகையையோ கேட்டுவிட்டுத்தான் தரும்.

இந்த வட்டி எவ்வளவு பெரிய தொகை என்பதைக் கணக்குப் போட்டால்தான் உறைக்கும். ஒவ்வொரு வருட ஆரம்பத்திலும் ஒன்றரை லட்சம் வீதம் மொத்தம் 6 லட்சம் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு வருடப் படிப்புக்கும் அதற்குப் பின் வரும் ஓராண்டு அவகாசத்துக்கும் தனிவட்டிதான். முதல் தவணைக்கு ஐந்து வருட வட்டி 75,000. அடுத்ததுக்கு 60,000, மூன்றாவதுக்கு 45,000, கடைசிக்கு 30,000. ஆக 2 லட்சத்து 10 ஆயிரம். பிள்ளை வேலைக்குப் போய் முதல் தவணை கட்டும் நாளில் கடன் 8 லட்சத்து 10 ஆயிரமாக நிற்கும். பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 10,700 ரூபாய்.

முழு வட்டி மானியம் கிடைத்தவருக்கு அந்த 2 லட்சத்து 10 ஆயிரமும் இல்லை. 3 சதவீதத் தள்ளுபடி கிடைத்தவருக்கு 63,000 குறையும். எதுவும் கிடைக்காதவர் முழுவதையும் சுமக்க வேண்டும். முதல் வேலையில் மாதம் இருபதாயிரம் வாங்கும் பிள்ளைக்கு இது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, நிகர்நிலைப் பல்கலைக்கழகம். விஐடி, எஸ்ஆர்எம், சாஸ்த்ரா போன்றவை கவுன்சிலிங்குக்குள் வராது, முதல் பட்டதாரிச் சலுகையும் அங்கே செல்லாது. மதிப்பெண், நுழைவுத்தேர்வு ரேங்க் பார்த்து அவர்களே தரும் சலுகைதான். நல்ல ரேங்க் எடுத்த பிள்ளைக்கு இது உண்மையிலேயே லாபமாக இருக்கலாம். தரவரிசையில் இருப்பதால் வித்யாலக்ஷ்மி கடனுக்கும் வாய்ப்பு உண்டு. சலுகை கல்விக் கட்டணத்துக்கு மட்டுமா, விடுதிக்கும் சேர்த்தா, ஒரு அரியர் விழுந்தால் ரத்தாகுமா என்று மட்டும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

உதவி தேவைப்படும் குடும்பத்துக்குக் கவுன்சிலிங் சீட்டுதான் சரி என்பது என் முடிவு, கேட்ட பிரிவு கிடைக்காமல் இரண்டாவது விருப்பம் கிடைத்தாலும்கூட. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்ற பெயருக்காக நாலைந்து லட்சம் கூடுதலாகக் கடன்படுவதைவிட எலக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டே நிரல் எழுதக் கற்றுக்கொள்ளலாம். அதற்காகக் கவுன்சிலிங்கில் கிடைக்கும் எந்தக் கல்லூரியும் பரவாயில்லை என்று சொல்லமாட்டேன். கல்லூரிவாரியான தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. பாதிப் பேர்கூடத் தேறாத கல்லூரியில் சலுகைக் கட்டணத்தில் சேர்ந்தாலும் நஷ்டம்தான். கடன் இல்லாமல் கட்ட முடிந்த குடும்பம் மேனேஜ்மென்ட் சீட் வாங்கினால், அது அவர்கள் விருப்பம்.

ஏற்கெனவே அட்வான்ஸ் கட்டிவிட்டீர்களா? கலங்க வேண்டாம். சேர்க்கையின் கடைசித் தேதிக்குள் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏஐசிடிஇ விதி. அசல் சான்றிதழ்களையும் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது. கவுன்சிலிங்கில் இடம் கிடைத்ததும் எழுத்தில் விலகல் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

வங்கிக்குப் போகும்போது ஒதுக்கீட்டு ஆணை, போனஃபைடு சான்றிதழ், நான்கு வருடத்துக்குமான கட்டண விவரம், வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். அப்பா பெயரில் பழைய வண்டிக் கடன் பாக்கி இருந்தால் சிபில் (பழைய கடன்களின் வரலாறு) பார்க்கும்போது வெளியே வந்துவிடும். முன்கூட்டியே அதை முடித்துவிட்டுப் போங்கள். கவுன்ட்டரில் "இது எங்க சர்வீஸ் ஏரியா இல்லை" என்றோ "பிணை இல்லாம முடியாது" என்றோ சொன்னால் அப்படியே திரும்பி வராதீர்கள். 4 லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. ஏழரை லட்சம் வரை அரசின் கடன் உத்தரவாத நிதி வங்கிக்குப் பின்னால் நிற்கிறது. "முடியாதுங்கறதை எழுதிக் கொடுங்க சார்" என்று பணிவாகக் கேளுங்கள், இணையத்திலும் விண்ணப்பத்தைப் பதிவு செய்யுங்கள். எழுத்தில் மறுக்க வேண்டும் என்றால் கிளையில் ஒருமுறைக்கு இரண்டுமுறை யோசிப்பார்கள்.

கடன் கைக்கு வந்த பிறகு, முடிந்தால் படிப்புக் காலத்திலும் அதற்குப் பின் வரும் அவகாச வருடத்திலும் வட்டியைக் கட்டி வாருங்கள். மேலே போட்ட கணக்கில் முதல் வருடம் மாதம் 1,250, அடுத்தடுத்த வருடங்களில் 2,500, 3,750, நான்காம் வருடமும் அவகாச வருடமும் 5,000. இப்படிக் கட்டினால் பிள்ளையின் மாதத் தவணை 10,700லிருந்து 7,900 அளவுக்கு இறங்கும். வட்டியை ஒழுங்காகக் கட்டியவருக்குப் பல வங்கிகள் ஒரு சதவீதம் குறைத்தும் தருகின்றன. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போதே அதைக் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.