எஸ்யூவிக்குப் பெரிய டயர்: எவ்வளவு பெரிது போதும்?

வண்டியோடு வந்த டயர்கள் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேல் ரப்பர் கட்டைகள்) தேய்ந்து மாற்றும் நிலைக்கு வந்தபோது, அதே சைஸைத் திரும்பவும் போட எனக்கு மனசு வரவில்லை. மட்கார்டு வளைவுக்குள் டயர் சின்னதாகத் தெரியும், மண் பாதையில் மேடு வந்தால் அடியில் தட்டும். இந்த இரண்டும் வாங்கிய நாளிலிருந்தே உறுத்திக்கொண்டிருந்தன. அதே சமயம் இது தினமும் வேலைக்குப் போய்வரும் வண்டி. சஸ்பென்ஷனை உயர்த்துவது, மட்கார்டை வெட்டுவது போன்ற எதற்கும் நான் தயாராக இல்லை.

என் வண்டியின் சைஸ் 235/65 ஆர்17. அதாவது அகலம் 235 மி.மீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 17 அங்குலம். அதற்கு மூன்று வழிகளைப் பார்த்தேன். ஒரு படி மேலே 245/65 ஆர்17. அதற்கும் மேலே, பலர் ஆசைப்படும் 265/65 ஆர்17. மூன்றாவது, ரிம்மையே மாற்றி 235/55 ஆர்19.

19 அங்குலத்தை ஒரு நாளில் ஒதுக்கிவிட்டேன். மொத்த உயரம் 737 மி.மீட்டரிலிருந்து 741-க்குத்தான் போகிறது, ஆனால் டயரின் பக்கச்சுவர் 153-லிருந்து 129 மி.மீட்டராகக் குறைகிறது. பள்ளத்தில் விழும்போது அடியை வாங்கிக்கொள்ளும் ரப்பர் குறைந்து, ரிம் அடிவாங்கும். நல்ல சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு அழகாக இருக்கலாம். என் தேவை அதுவல்ல.

மீதி இரண்டுக்கும்தான் உண்மையான போட்டி. 265 போட்டால் டயரின் உயரம் 776 மி.மீட்டர், அதாவது 39 மி.மீட்டர் கூடுதல். கேட்கப் பெரிதாகத் தோன்றும். ஆனால் அச்சுக்குக் கீழே இருக்கும் பாதிதான் வண்டியைத் தூக்கும், அதனால் தரையிலிருந்து கிடைப்பது 19 மி.மீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். 245-க்கு மொத்தம் 13 மி.மீட்டர் கூடும், அதில் கிடைப்பது ஆறரை. கிளியரன்ஸ், அதாவது வண்டியின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி, மட்டுமே கணக்கு என்றால் 265 ஜெயிக்கிறது, சந்தேகமில்லை.

உரசல் பற்றி எல்லோரும் பேசுவார்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். மேலேயும் பக்கத்திலும் இருக்கும் இடைவெளியை மட்டும் பார்த்தால் போதாது. முன்பக்கம் மெக்பர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக இருக்கும் சஸ்பென்ஷன்) இருக்கும் வண்டிகளில், ஸ்பிரிங் உட்காரும் தட்டு டயருக்கு நேர் மேலேயோ ஒட்டினாற்போலவோ இருக்கும். அங்கே இடமில்லையென்றால் வேறெங்கே இடமிருந்தும் பயனில்லை. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, ஆட்களை ஏற்றி, ரிவர்ஸில் ஒரு மேட்டில் ஏற்றிப் பார்த்தால் அரைமணியில் உண்மை தெரிந்துவிடும். ரிம்மையும் பார்க்க வேண்டும். 265/65 ஆர்17-க்கு ஏற்கப்பட்ட ரிம் அகலம் ஏழரை அங்குலத்தில்தான் தொடங்குகிறது. என் ரிம் 7 அங்குலம். 245 அதில் ஒழுங்காக உட்காரும், 265-க்கு ரிம்மும் சேர்த்து மாற்ற வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் 265 பக்கம் எனக்கு ஒரு சாய்வு இருந்தது. அதை மாற்றியது ஸ்டெப்னி.

என் நண்பர் ஒருவர் இதே மாதிரி முன்சக்கர இழுவை வண்டியில், 8 அங்குல ரிம்மோடு நான்கு 265 போட்டிருந்தார். பழைய ஸ்டெப்னியை அப்படியே விட்டுவிட்டார். ஒருநாள் இரவு, தூறல் விழுந்துகொண்டிருந்தது, முன் இடது டயர் பஞ்சர். நானும் கூட இருந்தேன். ஸ்டெப்னியை மாட்டி ஜாக்கியை இறக்கியதும் வண்டி அந்த மூலையில் லேசாகச் சாய்ந்து நின்றது. புறப்பட்டதும் ஸ்டியரிங் இடதுபக்கம் இழுத்தது, கொஞ்ச தூரத்தில், வண்டி சறுக்காமல் காக்கும் ஸ்டெபிலிட்டி சிஸ்டத்தின் விளக்கும் எரிந்தது. மறுபடி நிறுத்தினோம். பின்னால் இருந்த பெரிய டயரைக் கழற்றி முன்னுக்குப் போட்டு, ஸ்டெப்னியைப் பின்னுக்கு மாற்றினோம். ஒரு பஞ்சருக்கு இரண்டு இடத்தில் ஜாக்கி. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில்தான் எனக்கு இந்த விஷயம் உறைத்தது.

காரணம் எளிது. ஒரு கிலோமீட்டருக்கு 235 டயர் சுமார் 432 முறை சுற்றும், 265 டயர் 410 முறை. ஒரே அச்சில் இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றும் இருந்தால், நேர் சாலையில் போகும்போதும் கிலோமீட்டருக்கு 22 சுற்று வித்தியாசம். இழுக்கும் அச்சாக இருந்தால் இதை, இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சின்னப் பற்சக்கரங்கள் சுமக்க வேண்டும். திருப்பத்தில் சில நொடிகள் சுற்றுவதற்காகச் செய்தவை அவை, மணிக்கணக்காகச் சுற்ற அல்ல. நான்கு சக்கரமும் இழுக்கும் ஆல் வீல் டிரைவ் வண்டி என்றால் இன்னும் மோசம். அங்கே பின்னுக்கு மாற்றித் தப்பிக்கவும் வழியில்லை, முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் இழுவையைப் பகிரும் கப்ளிங் சூடாகும். அதனால்தான் அந்த வண்டிகளில் நான்கு டயரின் தேய்மானமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்கிறார்கள்.

சரி, ஐந்தாவதாக ஒரு 265 வாங்கிவிடலாமே? நண்பரும் பிறகு அதைத்தான் செய்தார். அது டிக்கியில் ஸ்டெப்னிக் குழிக்குள் இறங்கவில்லை. இப்போது பெட்டி வைக்கும் இடத்தில் படுத்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு பழைய ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டியைப் பிரித்து, ஆணியும் நூலும் வைத்து இரண்டு வட்டம் வெட்டினேன். 245-க்கு ஒன்று, 75 சென்டிமீட்டர்; 265-க்கு இன்னொன்று, 77.6. டிக்கியின் தரைப் பலகையைத் தூக்கிக் குழிக்குள் வைத்துப் பார்த்தேன். பெரிய வட்டம் விளிம்பிலேயே நின்றுவிட்டது. சின்னது ஒரு விரல் இடைவெளி விட்டு உள்ளே இறங்கியது. ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் தொங்கும் மாடலிலும் இதே அட்டையைப் பிடித்துப் பார்க்கலாம், சைலன்சர் குழாய் எவ்வளவு பக்கம் என்பது தெரிந்துவிடும்.

245 பக்கம் என்னை முழுசாகத் திருப்பியது இன்னொரு கணக்கு. புது டயரின் பட்டன் ஆழம் ஏறக்குறைய 8 மி.மீட்டர். 1.6-க்கு வந்தால் மாற்ற வேண்டும். மேலும் கீழும் சேர்த்தால் ஒரே டயர் தன் ஆயுளில் கிட்டத்தட்ட 13 மி.மீட்டர் உயரம் இழக்கிறது. 235-க்கும் 245-க்கும் உள்ள வித்தியாசமும் அதே 13 தான்! அதாவது பழைய ஸ்டெப்னியையே வைத்திருந்தாலும், புது டயருக்குப் பக்கத்தில் தேய்ந்த டயரைப் போட்டதுபோலத்தான் ஆகும். அதைப் போட்டுப் பஞ்சர் கடை வரை மெதுவாகப் போய்விடலாம். ஓடுகிற டயர்கள் தேயத் தேய இந்த இடைவெளி இன்னும் சுருங்கும். ஆல் வீல் டிரைவுக்கு மட்டும் நான் இதைச் சொல்ல மாட்டேன், அவர்கள் ஐந்தும் ஒரே சைஸாக வைத்துக்கொள்வதே நல்லது.

நான் ஐந்துமே 245 வாங்கினேன், ஸ்டெப்னியையும் ரொட்டேஷனில் (டயர்களை முறைவைத்து இடம் மாற்றுவதில்) சேர்த்துவிட்டேன். இப்போது 18,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. டயரின் முழு ஆயுள் பற்றிப் பேச அது போதாது. ஸ்டியரிங் துளி கனமாகியிருக்கிறது, பிக்கப்பில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. 265-ல் அது கட்டாயம் தெரியும். உயரம் 5 சதவீதம் கூடினால் அதே கியரில் இழுவை அவ்வளவு குறையும், பிரேக்குக்கும் அதே கதை, அதோடு டயரின் எடையும் ஏறுகிறது. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 105-ல் போய்க்கொண்டிருப்பீர்கள். 245-ல் அது 102-க்குள். ஸ்பீடோமீட்டர்கள் பொதுவாகக் கொஞ்சம் கூட்டியே காட்டும் என்பதால் அதிலேயே சரியாகிவிடும். பெரிய டயர் போட்டதும் மைலேஜ் விழுந்துவிட்டது என்று சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஓடோமீட்டரும் 5 சதவீதம் குறைத்தே எண்ணுகிறது. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால்தான் உண்மையான இழப்பு தெரியும்.

மண் பாதைக்கும் ஏற்ற ஆல் டெரெய்ன் பட்டனா, சாதா ரோடு பட்டனா என்பது தனிக் கேள்வி. நான் மிதமான ஆல் டெரெய்ன் எடுத்தேன். 80-க்கு மேல் ஒரு மெல்லிய ரீங்காரம் வருகிறது, பழகிவிட்டது. எதை எடுத்தாலும் லோடு எண் பழையதைவிடக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என் பழைய டயரில் 104, அதாவது ஒரு டயருக்கு 900 கிலோ. புதியதில் 107, 975 கிலோ. காற்று மட்டும் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அதே அளவுதான் வைக்கிறேன்.

வண்டி வாரம் தவறாமல் காட்டுப் பாதையில் இறங்கும் என்றால் அந்த 19 மி.மீட்டருக்கு மதிப்பு உண்டு, 265-ஐ நான் தடுக்க மாட்டேன். ஆனால் கடையில் பேரம் பேசும்போது ஐந்து டயருக்கும் ஐந்து ரிம்முக்கும் சேர்த்தே விலை கேளுங்கள். அதற்கு முன்னால் ஒரு அட்டையை வெட்டி டிக்கிக்குள் வைத்துப் பார்த்துவிடுங்கள்.