ராண்டம் ஃபீல்ட்ஸ் அண்ட் ஜியாமெட்ரி: முதல் பாகத்துக்காகவே வாங்கலாம்

ராபர்ட் ஆட்லரும் ஜோனதன் டெய்லரும் எழுதி 2007-இல் ஸ்பிரிங்கர் வெளியிட்ட புத்தகம். மூன்று பாகம். நேரத்துக்குப் பதில் கணங்களையே (நொடி அல்ல, sets) குறியீடாகக் கொண்ட வாய்ப்பியல் செயல்முறைகளை, அதாவது ஒவ்வொரு கணத்துக்கும் ஒரு தற்செயல் மதிப்பைத் தரும் அமைப்புகளைப் படிக்க வருகிறவர்களுக்கு முதல் பாகத்தின் ஐந்து அத்தியாயங்களே போதும் என்பேன். அதிலும் முதல் அத்தியாயம் தங்கம்.

சதுரத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு கணத்துக்கும், அதன் பரப்பளவையே பரவற்படியாக (variance) கொண்ட, சராசரி பூஜ்யமான ஓர் இயல்நிலை (normal) மாறியைக் கொடுக்கிறோம், வெட்டிக்கொள்ளாத கணங்களுக்குச் சார்பற்ற மாறிகள், அவற்றைச் சேர்த்தால் மதிப்புகளும் கூடும். இரண்டு கணங்களில் ஏதாவது ஒன்றில் மட்டும் இருக்கும் பகுதியின் பரப்பளவுக்கு வர்க்கமூலம் எடுத்தால் அதுதான் தூரம். சரி, இந்தத் தூரத்தில் செயல்முறை தொடர்ச்சியாக இருக்குமா? செவ்வகங்கள் என்றால் இருக்கும், சமதளத்துக் குவிகணங்கள் (உள்ளே எந்த இரு புள்ளிகளை எடுத்தாலும் அவற்றை இணைக்கும் கோடும் உள்ளேயே இருப்பவை) என்றாலும் இருக்கும். ஆனால் ஒரு புள்ளி உள்ளே இருந்தால் அதற்கு இடப்புறமும் கீழேயும் உள்ளவை எல்லாம் உள்ளே இருக்கும் கணங்களை மொத்தமாக எடுத்தால், செயல்முறை எல்லையே இல்லாமல் போய்விடுகிறது!

இதன் நிரூபணத்தைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து பார்த்துத்தான் எனக்குப் பிடிபட்டது. இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கு இறங்கும் மூலைவிட்டத்தை ஒட்டிப் படிக்கட்டு மாதிரி சின்னச் சதுரங்கள். மதிப்பு நேர்மமாக வந்தால் சேர்த்துக்கொள், இல்லையென்றால் விட்டுவிடு. அடுத்த சுற்றில் சதுரங்கள் இரண்டு மடங்கு, பக்கம் பாதி, திட்ட விலக்கமும் பாதி, ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் சராசரியாக அதே அளவு லாபம், சுற்றுகளுக்கோ முடிவில்லை. இத்தனைக்கும் அந்தக் கணக்குடும்பம் இந்தத் தூரத்தில் கச்சிதமானதுதான் (compact), அதாவது எவ்வளவு சின்ன ஆரம் எடுத்தாலும் முடிவுள்ள எண்ணிக்கைப் பந்துகளால் அதை மூடிவிடலாம். குடும்பத்தை மூட எத்தனை சிறு பந்துகள் தேவை, ஆரம் குறையக் குறைய அந்த எண்ணிக்கை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கணிதவியலாளர் ரிச்சர்ட் டட்லி 1967-இல் தந்த என்ட்ரோபி தொகையீடு (entropy integral) அளப்பது அதைத்தான், அதை இவ்வளவு பொறுமையாக விளக்கிய புத்தகத்தை நான் வேறு பார்க்கவில்லை.

குறை என்றால் இரண்டாம் பாகம். வகையீட்டு வடிவியலை (differential geometry) வேகமாக ஓட்டுகிறார்கள், முதல்முறை படிப்பவர் திணறிப்போவார். கணங்கள் மீதான மார்ட்டிங்கேல்களும் (இதுவரை தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அடுத்த மதிப்பின் சராசரி இப்போதைய மதிப்பாகவே இருக்கும் செயல்முறைகள்) இதில் கிடைக்காது, அதற்கு இவானோஃப், மெர்ஸ்பாக் எழுதிய 2000-ஆம் ஆண்டுப் புத்தகம் இருக்கிறது. அளவைக் கோட்பாடும் (measure theory) மெட்ரிக் வெளிகளும் (தூரம் வரையறுத்த கணங்கள்) ஓரளவு தெரிந்திருந்தால் நாளைக்கே தொடங்கலாம். பக்கத்தில் கட்டத் தாள் வைத்துக்கொள்ளுங்கள்.